டேங்குக்கும் மோட்டாருக்கும் நடுவே ஒரு கம்பி

2003-ஆம் வருடம் ஆனி மாதக் கடைசியில், திருத்தணியில் நடந்தது இது. அப்போது எனக்கு இருபத்தேழு வயது. எலெக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு அம்பத்தூரில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். முதலாளியையும் சேர்த்து மொத்தம் ஒன்பது பேர். மோட்டார், வால்வு, எடை மேடை என்று தொழிற்சாலைகளில் கம்பி போட்டு இணைத்திருக்கும் சாதனங்களுக்குள் தீப்பெட்டி அளவில் ஒரு வயர்லெஸ் போர்டைப் பொருத்திவிடுவோம். அதன்பின் அவை கம்பி இல்லாமலே ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். இன்றைக்கு இதைக் கேட்டால் சின்னப் பிள்ளைகூடச் சிரிக்கும். அன்று அது பெரிய வித்தை. அந்த வித்தை தெரிந்தவள் என்ற நினைப்பு எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

என் வீட்டு நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். கல்யாணமான எட்டாவது மாதமே என் கணவர் மஸ்கட் போய்விட்டார். வெள்ளிக்கிழமைதோறும் மாலை ஏழு மணிக்கு வீட்டுக்கார அம்மாவின் போனுக்குக் கூப்பிடுவார். கூடத்தில் அவர்கள் வீட்டு ஆட்கள் எல்லோரும் டி.வி. பார்த்துக்கொண்டிருப்பார்கள். நடுவில் நின்றுகொண்டு, "ம், சரி, ஆமா, நல்லா இருக்கேன்" என்று பேசிவிட்டு வைப்பேன். அந்த ஐந்து நிமிடத்துக்காகத்தான் மற்ற ஆறு நாளும் ஓடும்.

திருத்தணியில் எங்களுக்குக் கிடைத்தது குடிநீர் வேலை. ஊருக்கு வெளியே ஆற்றோரத்தில் ஒரு கிணறு, அதன்மேல் மோட்டார் அறை. அங்கிருந்து மலைச் சரிவில் இருக்கும் ஒரு டேங்குக்குத் தண்ணீர் ஏறும். படிப்பாதையில் இருக்கும் குழாய்களுக்கும் அடிவாரத்து இரண்டு தெருக்களுக்கும் அந்த டேங்க்தான். டேங்க் நிரம்பியதும் மோட்டார் தானாக நிற்க வேண்டும், குறைந்ததும் தானாக ஓட வேண்டும். ஆடிக் கிருத்திகைக்கு முன்னால் வேலை முடிந்தாக வேண்டும் என்று ஒப்பந்தக்காரர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

அதுவரைக்கும் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது ஒரு பழைய போன். கீழே மோட்டார் அறையில் ஒன்று, மேலே டேங்க் அறையில் ஒன்று. நம்பர் எதுவும் கிடையாது. பக்கத்தில் இருக்கும் கைப்பிடியைச் சுற்றினால் அந்த முனையில் மணி அடிக்கும். நடுவே கம்பங்களில் தொங்கிக்கொண்டு ஒரு கம்பி.

முதல் நாள் நான் மோட்டார் அறையில் அளவெடுத்துக்கொண்டிருந்தபோது அந்த மணி அடித்தது. மோட்டார் ஓட்டுபவர் நாற்பது வயதுக்காரர், அதிகம் பேசாதவர். சட்டென்று எழுந்து, துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தார்.

"மோட்டாரு" என்றார். அந்தப் பக்கம் ஏதோ சொன்னார்கள். "ஆங், நிறுத்திடறேன் டேங்கு" என்று ஸ்டார்ட்டரை அணைத்தார். திரும்பி வந்து, "சாப்ட்டாச்சா டேங்கு?" என்று கேட்டார். பதிலைக் கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். "இல்ல, இருமல் இப்ப பரவால்ல. ஆங். வெச்சிடறேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. மனிதர்கள் ஒருவரை ஒருவர் டேங்க், மோட்டார் என்று கூப்பிட்டுக்கொள்வதை நான் அதுவரை கேட்டதில்லை.

மறுநாள் மேலே போனேன். டேங்கைப் பார்த்துக்கொள்பவர் ஒரு பெண்மணி. கீழே இருந்த மோட்டார்க்காரரைவிட நான்கைந்து வயது மூத்தவராக இருப்பார். கணவர் இல்லை, பள்ளிக்கூடம் போகும் மகன் ஒருவன். அறை சின்னதுதான், ஆனால் அந்தக் கறுப்பு போன் மட்டும் எண்ணெய் போட்டுத் துடைத்ததுபோல் பளபளவென்று இருந்தது. நான் டேங்கின் உள்ளே சென்சாரை இறக்கிக்கொண்டிருந்தபோது ஏணியைப் பிடித்துக்கொண்டு அவர் கேட்டார்:

"கீழ மோட்டார்ல இருக்கறவரு ரொம்ப எளைச்சிட்டாருங்களா?"

"நான் நேத்துதாங்க அவரைப் பார்த்தேன். முன்னே எப்படி இருந்தார்னு எனக்குத் தெரியாதே."

"ஆங், சரிதான். உங்களுக்கு எப்டித் தெரியும்?" என்று சிரித்துக்கொண்டார்.

எனக்கு வேலைதான் குறி. அந்தக் கேள்வியை அங்கேயே விட்டுவிட்டேன்.

பத்து நாளில் எல்லாம் பொருத்தியாகிவிட்டது. மேலே ஒரு ஆன்டெனா, கீழே ஒரு ஆன்டெனா. ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் எங்கள் போர்டு. டேங்க் நிரம்பினால் மோட்டார் அறையில் பச்சை விளக்கு, குறைந்தால் சிவப்பு விளக்கு, உடனே மோட்டார் ஓடும். சோதனையின்போது அவ்வப்போது ஓரிரு நொடி சிக்னல் விட்டுப்போய் மோட்டார் நின்று நின்று ஓடியது. அதற்கு நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். மேலேயிருந்து செய்தி வராவிட்டால் கடைசியாக வந்த செய்தியையே வைத்துக்கொள் என்று புரோகிராமில் எழுதிவிட்டேன். அதன்பின் மோட்டார் சீராக ஓடியது. எனக்கு என்மேலேயே பெருமை.

அந்தப் போன் கம்பியைக் கழற்றச் சொல்லி யாரும் சொல்லவில்லை. அது என் முடிவு. போன வருட மழையில் இடி அந்தக் கம்பி வழியாக வந்து ஸ்டார்ட்டரைக் கருக்கியதாகச் சொல்லியிருந்தார்கள். எங்கள் போர்டுக்கு அப்படி ஆகிவிட்டால் என்ன செய்வது? "பழைய லைனை எடுத்துவிடலாம்" என்று ஒப்பந்தக்காரரிடம் எழுதிக் கொடுத்தேன்.

மேலே அந்த அம்மாவிடம் சொன்னபோது, "அது ஒரு ஓரமா இருந்துட்டுப் போவட்டுங்களே. உங்களை ஒண்ணும் பண்ணாதே" என்றார். நான் இடியைப் பற்றி விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்க படிச்சவங்க" என்று மட்டும் சொன்னார்.

கீழே வந்து மோட்டார்க்காரரிடமும் சொன்னேன். அவர் நேரே போனருகே போய்க் கைப்பிடியைச் சுற்றினார்.

"டேங்கு. நாளையிலேருந்து போன் இல்லியாம்."

அறை சின்னது. அந்தப் பக்கத்துக் குரலும் எனக்குக் கேட்டது. "ஆங், சொன்னாங்க."

"தண்ணி தானா ஏறுமாம்."

"ஆங்."

அவர் போன் கம்பியை விரலால் நெருடினார்.

"வெச்சிடட்டுங்களா?"

"வையுங்க மோட்டாரு."

ஆனால் அவர் வைக்கவில்லை. அந்தப் பக்கமும் வைத்ததாகத் தெரியவில்லை. நான் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் வைத்துக்கொண்டு, அரக்கோணத்துக்கு ஐந்து மணி ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில், "முடிஞ்சுதாங்களா?" என்றேன். அவர் ரிசீவரை என் கையில் கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். நான் காதில் வைத்துப் பார்த்தேன். மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்டது. மேலும் யோசிக்காமல் கம்பியைக் கழற்றிவிட்டேன்.

கிருத்திகைக்கு முதல் நாளே முதலாளி என்னைத் திருத்தணிக்கு அனுப்பிவிட்டார். கிருத்திகை அன்று காலை ஆறு மணிக்கெல்லாம் மோட்டார் அறையில் போய் உட்கார்ந்துவிட்டேன். ஊரே காவடியும் மஞ்சள் துணியுமாக இருந்தது. எங்கிருந்து பார்த்தாலும் மலைமேல் ஜனம் எறும்பு ஊர்வதுபோல் தெரிந்தது. பச்சை விளக்கு எரிந்தது. ஏழு மணிக்கும் பச்சை. எட்டு மணிக்கும் பச்சை.

ஒன்பது மணிக்கு மோட்டார்க்காரர், "இந்நேரத்துக்கு ரெண்டு தடவை ஓடியிருக்கணுமேங்க. இன்னிக்கி ஜனம் ஜாஸ்தி" என்றார்.

"பச்சையா இருக்கே. தண்ணி இருக்குன்னுதானே அர்த்தம்?" என்றேன்.

அவர் எழுந்து வாசலுக்குப் போய் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பி வந்தார். மறுபடியும் போனார். ஸ்டார்ட்டர் பக்கம் கை நீட்டவில்லை. கையால் யாரும் தொடக்கூடாது என்று பத்து நாளாக நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பத்தரை மணி இருக்கும். வாசலில் நிழல் தட்டியது. நிமிர்ந்து பார்த்தால் டேங்க் அம்மா. புடவை வேர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. காலில் செருப்பு இல்லை. மேலே ஏறுகிற கூட்டத்துக்கு எதிராகப் படியெல்லாம் இறங்கி, அங்கிருந்து இரண்டு மைல் தார் ரோட்டில் நடந்து வந்திருக்கிறார். அன்று அந்தக் கூட்டத்தில் ஒரு சைக்கிள்கூட நகர முடியாது.

வாசற்படிக்கு வெளியிலேயே நின்றுகொண்டு, என்னைப் பார்க்காமல் அவரைப் பார்த்துச் சொன்னார்: "மோட்டாரு, டேங்க்ல பொட்டுத் தண்ணி இல்ல."

அவர் பச்சை விளக்கைப் பார்த்தார். அந்த அம்மாவைப் பார்த்தார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்கள் பெட்டியைத் திறந்து, ஸ்டார்ட்டரைக் கையால் அழுத்தினார். மோட்டார் உறுமிக்கொண்டு எழுந்தது. விளக்கு அப்போதும் பச்சையாகத்தான் எரிந்தது.

பிறகு அவர் ஒரு சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். அந்த அம்மா வாங்கிக்கொண்டாரே தவிரக் குடிக்கவில்லை. மோட்டார்க்காரரின் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தூரத்துல பாத்தா தெரியல. இவ்ளோ நரைச்சிப் போச்சா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "குடிங்க டேங்கு. வேர்த்து ஊத்துது. செத்த உட்காருங்க."

"உட்கார முடியாது. மேல ஆள் இல்ல. தண்ணி வந்தா நான்தான் தொறக்கணும்." ஒரே மூச்சில் குடித்துவிட்டுச் சொம்பைத் திருப்பிக் கொடுத்தார். மோட்டார்க்காரர் என் பக்கம் திரும்பி, "நீங்க கூடப் போங்கம்மா. இந்த வெயில்ல தனியா வுட வாணாம்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

நாங்கள் ரோட்டில் திரும்பும்வரை அவர் வாசலிலேயே நின்றார். மோட்டாரை விட்டு வரமுடியாது அல்லவா.

போகும் வழியில் நான் மன்னிப்புக் கேட்டேன். "எட்டு மணிக்கே தண்ணி கொறைய ஆரம்பிச்சிடுச்சிங்க. தானா ஓடும்னு நீங்க சொன்னதால பாத்துக்கினே இருந்தேன். ரெண்டு தடவை போன் இருந்த செவுத்துக்குக் கை போச்சி" என்றார். பிறகு அவராகவே சொன்னார்: "அவன் என் தம்பிங்க. கூடப் பொறந்தவன்."

அவர்களுடையது பக்கத்துக் கிராமத்தில் நிலபுலம் உள்ள குடும்பம். மலையில் சமையல் வேலை செய்துகொண்டிருந்த ஒருவரை இந்த அம்மா இஷ்டப்பட்டுக் கட்டிக்கொண்டார். அப்பா, அவர்கள் பேச்சில் நைனா, அன்றோடு மகளைத் தலைமுழுகிவிட்டார். "நைனா தம்பி கைய புடிச்சி சத்தியம் வாங்கினாரு. தான் உசுரோட இருக்கற வரைக்கும் அவளை அக்கான்னு கூப்டக் கூடாது, அவ வாசப்படி மிதிக்கக் கூடாதுன்னு. அப்ப அவனுக்கு இன்னா, இருபத்தஞ்சி வயசு. அவரு வீட்ல இருந்துக்கினு அவன் இன்னா பண்ணுவான்?"

கணவர் இறந்தபின் இவருக்கு டேங்க் வேலை கிடைத்தது. மோட்டாரில் யார் இருக்கிறார்கள் என்று இவருக்குத் தெரியாது. டேங்கில் யார் வந்திருக்கிறார்கள் என்று அவருக்கும் தெரியாது.

"மொத நாள் போன் அடிச்சிது. எடுத்து 'டேங்கு'ன்னேன். அந்தப் பக்கம் பேச்சே இல்ல. மூச்சுதான் கேக்குது. ரொம்ப நேரம் கழிச்சி 'மோட்டாரு'ன்னான். எனக்கு அவன் கொரல் தெரியாதுங்களா? அன்னியிலேருந்து நான் டேங்கு, அவன் மோட்டாரு. வேலைப் பேச்சு பேசினா சத்தியம் மீறினதா ஆவாது இல்லீங்களா? ஒம்போது வருசம் ஓடிப் போச்சி."

தினம் மூன்று முறை. தண்ணி ஏறுதா, ஏறுது, நிறுத்துங்க, நிறுத்தியாச்சு. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு சாப்பாடு, இருமல், மகனின் பரீட்சை. அந்தக் கம்பியைத்தான் நான் ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று கழற்றியிருக்கிறேன். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை ஏழு மணிக்காக வாரம் முழுவதும் காத்திருக்கிறவள் நான். எனக்கே தெரியவில்லை என்றால் வேறு யாருக்குத் தெரியும்?

மேலே போய்ப் பார்த்ததும் காரணம் தெரிந்தது. அலங்காரக்காரர்கள் முதல்நாள் மாலையிலிருந்தே வேலை செய்து, விடியற்காலையில் சீரியல் விளக்கு வைத்த பெரிய தகரப் போர்டு ஒன்றை எங்கள் ஆன்டெனாவுக்கு நேர் முன்னால் நிறுத்திக் கட்டியிருந்தார்கள். அந்த நேரத்தில் டேங்க் நிரம்பியிருந்தது. அதற்குப் பிறகு எந்தச் செய்தியும் கீழே போகவில்லை. கீழே இருந்த போர்டு, நான் எழுதி வைத்தபடியே, நிரம்பியிருக்கிறது, நிரம்பியிருக்கிறது என்று ஐந்து மணி நேரம் பொய் சொல்லிக்கொண்டிருந்தது. தகரத்தை நகர்த்தினோம். குழாய்களில் மறுபடி தண்ணீர் வரும்போது நண்பகல் ஆகிவிட்டது. படிப்பாதையில் ஒரு கைக்குழந்தைக்காரி காலி பாட்டிலைக் குழாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தப் பாட்டில் நிறைந்ததைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அடுத்த வாரமே புரோகிராமை மாற்றினேன். ஒரு நிமிடம் செய்தி வராவிட்டால் இரண்டு விளக்கும் அணைந்து மணி அடிக்கும், மோட்டாரை ஆள் பார்த்துக்கொள்ள வேண்டும். அது சுலபமான வேலை. கம்பியைத் திரும்பப் போடலாம் என்று போனால், ஒப்பந்தக்காரர் அதைச் சுருட்டி எடைக்குப் போட்டுவிட்டிருந்தார். புதிதாக இழுக்க முதலாளி சம்மதிக்கவில்லை. "கம்பி வேணாம்னுதானே நம்மளைக் கூப்பிட்டாங்க?" என்றார். அவர் சொல்வதும் நியாயம்தான்.

எங்கள் போர்டு வழியாகக் குரல் போகாது. ஒரு சின்ன சிக்னல் போகும், அவ்வளவுதான். அதனால் இரண்டு முனையிலும் ஒரு பட்டனும் ஒரு பஸ்ஸரும் வைத்தேன். மேலே அழுத்தினால் கீழே ஒலிக்கும், கீழே அழுத்தினால் மேலே ஒலிக்கும். இணைப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்க, தினம் மூன்று வேளை இருவரும் கண்டிப்பாக அழுத்த வேண்டும் என்று கையேட்டில் எழுதி, ஒப்பந்தக்காரரிடம் கையெழுத்தும் வாங்கிவிட்டேன்.

பொருத்தி முடித்த அன்று கீழே அவர் அருகில் இருந்தேன். மேலேயிருந்து நீளமாக ஒரு முறை ஒலித்தது. அவர் பட்டனை விட்டு விட்டு மூன்று முறை அழுத்தினார். மேலேயிருந்து இரண்டு குட்டி ஒலி வந்தது. அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து போனது. அது என்ன கணக்கு என்று நான் கேட்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை மஸ்கட்டிலிருந்து போன் வந்தபோது எனக்குப் பேச்சே வரவில்லை. "என்ன ஆச்சு? லைன்ல இருக்கியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். டி.வி. ஓடும் கூடத்தின் நடுவில் நின்றுகொண்டு, முதல் முறையாக, "எப்ப வருவீங்க?" என்று கேட்டுவிட்டு அழுதேன்.

நான்கு வருடம் கழித்து, என் கணவர் ஊரோடு வந்துவிட்ட பிறகு, குழந்தைக்கு மொட்டை போடத் திருத்தணிக்குப் போனோம். டேங்க் அறை பூட்டிக்கிடந்தது. அங்கே ஆளே தேவையில்லை என்று ஆகிவிட்டதாம். ஜன்னல் வழியாகப் பார்த்தால், செல்போன் சிம் போட்ட வேறு ஏதோ கம்பெனியின் பெட்டி சுவரில் இருந்தது. என் பட்டனைக் கழற்றிவிட்டிருந்தார்கள். குழந்தையைக் கணவரிடம் கொடுத்துவிட்டு மோட்டார் அறைக்கு ஆட்டோவில் போனேன்.

அவர் இருந்தார். தலை முழுக்க வெள்ளை. என்னை உடனே அடையாளம் தெரிந்துகொண்டார்.

"நைனா போன வருசம் போயிட்டாருங்க. அன்னிக்கே மலைக்கு ஓடிப்போயி அக்கான்னு கூப்ட்டேன். பதிமூணாம் நாள் வரைக்கும் வீட்லதான் இருந்தா. அப்புறம் டேங்க் வேலை போனதும் பையனோட நகரி பக்கம் போயிட்டா. அங்க அவனுக்கு மில்லுல வேலை."

"பேசறீங்களா?" என்றேன்.

சட்டைப் பையிலிருந்து ஒரு செல்போனை எடுத்துக் காட்டினார். "எந்நேரம் வேணா பேசலாங்க. அவகிட்டயும் இருக்குது. ஆனா இன்னான்னு பேசறது? போட்டா, 'நல்லா இருக்கியா அக்கா'ம்பேன். 'ஆங்'ம்பா. அவ்ளோதான், முடிஞ்சி போவுது. அப்பல்லாம் தண்ணி ஏறுதான்னு கேக்க இருந்துச்சி."

மோட்டார் தானாக ஓட ஆரம்பித்தது. நாங்கள் இருவரும் எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. கொஞ்ச நேரம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன்.

இன்றும் இதே தொழிலில்தான் இருக்கிறேன். ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும்படி எத்தனையோ இயந்திரங்களை இணைத்துவிட்டேன். ஆனாலும் எந்த ஊரில் எந்தப் பழைய கம்பியைக் கழற்றப் போனாலும், அன்று அந்த ரிசீவரில் கேட்ட மூச்சை நான் ஒரு வார்த்தையாவது பேசவிட்டிருக்கலாமே என்ற ஏக்கம் வந்து கையைப் பிடித்துக்கொள்கிறது.